நாளைக்கனி

“உன் குரல் உனக்குப் பிடிக்குமாட்டி?” என்று ஒருத்தி என்னிடம் ஒருமுறை கேட்டாள். அவள் கேட்டதும் என் குரலில்தான். அதனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிடிக்காது என்றால் கோபித்துக்கொள்வாள். பிடிக்கும் என்றால் அன்று முழுக்கப் பாட ஆரம்பித்துவிடுவாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எதுவானாலும் அம்மா சொன்ன பிறகுதான் நடக்கும்.

அம்மா பெயர் செல்வராணி. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசுகிறவள். பஸ்கள் டிரைவர் இல்லாமல் தாமாகவே ஓடத் தொடங்கியபோது, அறிவிப்புக்கும் ஓர் இயந்திரக் குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சுத்தமான குரல். ஜனங்கள்தான் அதை நம்பவில்லை. “திருச்செந்தூர் பேருந்து புறப்படுகிறது” என்று இயந்திரம் சொல்லும். “செல்வராணி இன்னும் சொல்லலையே” என்று இவர்கள் வடையைத் தின்றுகொண்டு நிற்பார்கள். வண்டிகள் காலியாகப் போயின. கடைசியில் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். “திருச்செந்தூரு கெளம்புது, திருச்செந்தூரு! பச்சச் சட்ட அண்ணாச்சி, உங்க வண்டிதான் அது. வடைய மடிச்சிக் கையில வச்சிக்கிட்டு ஏறுங்க!” என்று அவள் சத்தம் போட்டால்தான் ஊர் நகரும்.

அப்படிப்பட்டவளுக்கு நான் ஒரே மகள். ஜெபக்கனி. வீட்டுக்குள் அம்மா அப்பாவிடம் பேசுவேன், அதுவும் பைய. வெளியாள் ஒருவர் வந்து நின்றால் போதும், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டது போல ஆகிவிடும். என்னிடம் யார் என்ன கேட்டாலும் அம்மாவே பதில் சொல்வாள். “பிள்ளைக்குக் காப்பி வேண்டாம், பால் குடிப்பா.” “அந்தப் படம் அவ பாத்துட்டா.” “மஞ்சக் கலர் அவளுக்குப் பிடிக்காது, நீலத்துல காட்டுங்க.” உண்மையில் எனக்கு மஞ்சள் பிடிக்கும். அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வராமலேயே நான் நீலத்தில் வளர்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவைக் குரலில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும்; கரும்பலகைக்கு மேலே இருக்கும் பெட்டி அந்தக் குரலை அடையாளம் கண்டு “வந்திருக்கிறார்” என்று குறித்துக்கொள்ளும். என் முறை வரும். நாற்பது தலைகள் திரும்பும். கதவு சாத்திக்கொள்ளும். “குரல் இல்லை. வரவில்லை” என்று பெட்டி சொல்லும். நான் அதன் நேர் கீழே முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பெட்டி சொன்னதுதான் சட்டம் என்று பதில் வந்தது. வருகை குறைவு என்று பரீட்சை எழுத விடவில்லை. ஒருநாள்கூட லீவு போடாமல், வராததற்காக நின்றுபோனது எங்கள் பள்ளியிலேயே நான் ஒருத்திதான். கடைசி நாள், என் நாற்காலியைத் தரையில் உரசாமல் இரண்டு கையாலும் தூக்கி மேஜைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எங்கிருந்து எழுந்தாலும் அப்படித்தான் செய்வேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பதினேழு வயதில் அம்மா என்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த அந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டர் மெஹ்ருன்னிசா இருந்தார். காயல்பட்டினத்துக்காரர். வேகமாக நடப்பார், வேகமாகச் சிரிப்பார், டீயை ஆறவிடாமல் குடிப்பார். அவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். துவரம்பருப்பு அளவுதான் இருந்தது, அதுதான் மருந்தாம்.

“காதுக்குப் பின்னாடி தோலுக்கடியில வச்சிருவோம். மூளையில பயத்தக் கெளப்புற ஒரு எடம் இருக்கு. அத இது தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கும். ஒரு வாரத்துல பிள்ள பேசும்மா. நாம ‘கொஞ்சம் வாய மூடு’ன்னு சொல்ற அளவுக்குப் பேசும்.”

“இப்பமே வச்சிருங்க டாக்டர்” என்றாள் அம்மா. “நான் லீவு போட்டுத்தான் வந்திருக்கேன்.”

“வைக்க முடியாது” என்று மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது.

வக்கீல் அமலோற்பவம். மருத்துவமனையின் நெறிக்குழுவுக்குத் தலைவி. மனிதர்கள் மேல் செய்யும் எந்தப் புதிய வைத்தியமும் அந்தக் குழு சரி என்ற பிறகுதான் நடக்கும். பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே பேசுவார், ஏசி போட்ட அறையிலும்.

“கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போட்டா, நாளைக்கு எழுந்து நடக்கப் போறவனும் அதே ஆள்தான். அவன்கிட்ட ஒருதரம் கேட்டாப் போதும். இந்த மருந்து அப்படி இல்ல. இது குணத்தையே மாத்துது. எழுந்து வரப்போறவ வேற மாதிரி இருப்பா. அவ எப்படி இருப்பான்னு பாக்காம இந்தப் பிள்ள எப்படிச் சரின்னு சொல்லும்?”

“நாளைக்கு வரப்போறவள இன்னைக்கு எப்படிம்மா பாக்க?” என்றாள் அம்மா.

டாக்டர் விளக்கினார். தலையில் ஒரு பட்டையைக் கட்டி விடுவார்கள். மூன்று மாதம் நான் அதோடு இருக்க வேண்டும். நான் எதைப் பார்த்து மகிழ்கிறேன், எதைக் கண்டு நடுங்குகிறேன், தூக்கத்தில் எதற்குப் புரள்கிறேன் என்று எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்ளும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஒரு நான் உருவாவேன். மருந்தை முதலில் அந்த நானுக்குக் கொடுப்பார்கள். பிறகு நான் போய் அவளைச் சந்திக்கலாம்.

“பொண்ணு பாக்க மாதிரியா?” என்றாள் அம்மா.

“அப்படித்தான் வச்சுக்கோங்க” என்றார் வக்கீலம்மா. “ஆனா பாக்கப் போறவளும் இவதான், பொண்ணும் இவதான். வேற யாரும் நடுவுல பேசக் கூடாது. பாத்து முடிச்சதும் குழு முன்னாடி இவளே சொல்லணும். கையெழுத்து செல்லாது, கைரேகை செல்லாது, தலையாட்டினாலும் செல்லாது. வாயால சொல்லணும்.”

முன்பு எங்கோ ஒரு இடத்தில், மயங்கிக் கிடந்தவரின் கையைப் பிடித்து உறவுக்காரர்களே ரேகை வைத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு வந்த விதியாம் இது.

அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “பேச முடியலன்னுதானே வந்திருக்கோம்? பேசினாத்தான் வைத்தியம்னா எப்பிடி? நீந்திக் காட்டுனாத்தான் நீச்சல் சொல்லித் தருவேன்ங்கிற கதையால்லா இருக்கு!”

“வேண்டாம்னு சொல்ல வாயே தேவையில்ல” என்றார் வக்கீலம்மா. “சும்மா இருந்தாலே போதும். இங்க ஒருத்தர் சும்மா இருந்தா, வேண்டாம்னுதான் எழுதுவோம்.”

என் வாழ்க்கையில் என் மௌனத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் என்னைச் சின்ன அறை ஒன்றுக்குள் விட்டார்கள். நடுவில் சுவர் முழுக்கக் கண்ணாடித் திரை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, கண்ணாடிக்குள் அதே மாதிரி இன்னொரு நாற்காலி. வக்கீலம்மா டாக்டரைக்கூட வெளியே நிறுத்தி, “உள்ள பேசுறத யாரும் கேக்க மாட்டாங்க, நான் வாசல்ல இருக்கேன்” என்று கதவைச் சாத்தினார்.

கண்ணாடிக்குள் ஒரு கதவு திறந்தது. நான் வந்தேன். நான்தான், ஆனால் மஞ்சள் சுடிதாரில்.

“ஏட்டி! வந்துட்டியா? எம்புட்டு நேரம் உக்காந்திருக்கேன் தெரியுமா? நிக்காத, உக்காரு. அய்யோ, அந்த ஜடைய இன்னைக்காவது வேற மாதிரிப் பின்னியிருக்கக் கூடாதா? பாம்பு கெடக்க மாதிரி கெடக்கு. என் சுடிதார் எப்பிடி? கண்ணத் தொறந்ததும் முத வேலையா இதத்தான் கேட்டேன். டாக்டர் பயந்துட்டாவ. ‘ஃபைல்ல நீலம்னுல்லா இருக்கு’ன்னாவ. ‘அது எங்கம்மா சொன்ன ஃபைலு, தூரப் போடுங்க’ன்னேன்!”

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது.

“சிரிக்கா பாரு! சொல்லுட்டி, நல்லாருக்கா?”

“நல்லாருக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் பேசினேன் என்று தெரிந்தது. கதவு எப்போது திறந்தது என்றே தெரியவில்லை. அவளும் கவனித்துவிட்டாள். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், டாக்டர் டீ குடிப்பதைப் போல நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அது.

அதற்குப் பிறகு நான் வாரம் தவறாமல் போனேன். அவளுக்கு அம்மா வைத்த பெயர் நாளைக்கனி. அவள் என்னை ‘இன்னைக்கனி’ என்று கூப்பிடுவாள். சாப்பிட முடியாது என்பது மட்டும்தான் அவளுக்குக் குறை. நான் மக்ரூன் வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் கடித்துக் காட்டுவேன். “சொல்லுட்டி, சொல்லு, மேல மொறுமொறுன்னு இருக்கா? உள்ள முந்திரி வருதா?” என்று அவள் கேட்பாள். நான் விளக்க வேண்டும். ஒரு மக்ரூனைப் பற்றிக் கால் மணி நேரம் பேச முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. உன் குரல் உனக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்டதும் அப்படி ஒரு நாள்தான்.

“நீ பேசும்போது பிடிக்கி” என்றேன் யோசித்துவிட்டு.

“நான் பேசுறதும் உன் தொண்டதான்டி, கழுத!”

பிறகு அம்மாவும் அவளைப் பார்க்க வேண்டும் என்றாள். வக்கீலம்மா என்னைக் கேட்டார், நான் தலையாட்டினேன். இதற்குத் தலையாட்டல் போதுமாம்.

அன்று முதல் அறை அம்மாவுடையதாகிவிட்டது. நாளைக்கனி பஸ் ஸ்டாண்டு மைக்கைப் பிடித்தது போலக் கையை வைத்துக்கொண்டு, “பயணிகள் கவனத்துக்கு! செல்வராணி அவர்கள் காலையில் இட்லி சாப்பிடவில்லை என்று பொய் சொல்கிறார். ஆறு சாப்பிட்டார். நம்ப வேண்டாம்!” என்பாள். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். இவள் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் கேட்காமலே சண்டை போட்டுச் சமாதானமாகிவிடுவார்கள். நாளைக்கனி எழுந்தால் அவள் நாற்காலி பின்னால் கீச்சென்று கத்திக்கொண்டு போகும். அம்மாவுக்கு அந்தச் சத்தம்கூடப் பிடித்திருந்தது. “பாத்தியா, வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னு தெரிய வேண்டாமா?” என்பாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தாள். “என்னமா பேசுதா!” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

பொறாமை என்று சொல்லலாம். ஆனால் என் மேலேயே எனக்குப் பொறாமை என்று யாரிடம் சொல்ல? அவளிடமே சொன்னேன்.

“நல்லாப் பொறாமப் படுதியா? படு, படு” என்றாள். “எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு.”

மழை தொடங்கிய மாதத்தில் ஒருநாள் அம்மாவும் நானும் போயிருந்தோம். நாளைக்கனிக்கு அன்று ஒரே குஷி. டாக்டரின் கல்யாண ஃபோட்டோவை எப்படியோ பார்த்துவிட்டாள். அதைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். அம்மா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து மூடியில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். மிளகு தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டு கரைத்த பால். அம்மா வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடி மெதுவாக விழுங்கினாள்.

நாளைக்கனி பாதியில் நின்றாள். “அம்மாவுக்கு என்ன?”

“தொண்ட கட்டியிருக்கு” என்றேன். “காலையில இருந்து ஒரு வார்த்த பேசல.”

அந்த ஒரு மணி நேரமும் அம்மா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். அம்மா கையை ஆட்டி, ஒன்றுமில்லை, நீ சொல்லு என்று ஜாடை காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். மூடியை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அம்மா வெளியே போனதும் நாளைக்கனி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் கவனிக்கவே இல்லட்டி.”

“நீ பேசிக்கிட்டு இருந்தா எப்பிடிக் கேக்கும்?”

“முன்னாடி எனக்கும் கேட்டுச்சுல்லா? நானும் நீயாத்தானே இருந்தேன்? அம்மா செருப்பக் கழத்துற சத்தத்துலயே இன்னைக்கு வேல எப்பிடின்னு தெரிஞ்சிரும். இப்பம் அது வரல.”

“வருத்தமா இருக்கா?”

“இருந்துச்சு. ஒரு நிமிசம். பெறகு ஒரு பாட்டு ஞாபகம் வந்துட்டு.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

“சந்தோசமா இருக்கியா நீ?” என்று கேட்டேன். எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது. குழு கூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“இருக்கேன். பொய் சொல்லல. ஆனா நான் சொல்லுதேன்னு நம்பாத. எங்கிட்ட வந்து ‘நீ நல்லாருக்கியா, நீ வேணுமா’ன்னு கேக்கது, மீன் விக்கவ கிட்டப் போயி மீன் நல்லாருக்கான்னு கேக்க மாதிரி. நான் வேற என்ன சொல்லுவேன்?”

“வேண்டாம்னு சொன்னா உன்ன என்ன செய்வாவ?”

“மூடி வைப்பாவளாம். அழிக்க மாட்டாவ. சாவி உன் குரல்தான். நீ வந்து கூப்பிட்டாத்தான் தொறக்கும். உள்ள இருட்டா இருக்குமான்னு டாக்டர்ட்டக் கேட்டேன். இருட்டும் இருக்காது, ஒண்ணுமே இருக்காதுன்னாவ. அப்பம் சரி, பயப்படத்தான் அங்க ஆள் இல்லையே.” சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். “மக்ரூன் கதை கேக்க முடியாது. அதுதான் ஒண்ணு.”

குழு கூடிய நாள் நல்ல வெயில். பெரிய ஹால். சுவரில் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதியிருந்தது: நன்மை செய். தீங்கு செய்யாதே. கேட்டுச் செய். எல்லோருக்கும் செய்.

“இதத்தான் நான் தெனம் பஸ் ஸ்டாண்டுல கத்துதேன்” என்றாள் அம்மா. “ஏறுங்க, தள்ளாதீங்க, எந்த ஊருன்னு கேட்டு ஏறுங்க, எல்லாருக்கும் எடம் இருக்கு.”

மேஜைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். நடுவில் வக்கீலம்மா, விசிறியோடு. மேஜை மேல் ஒரு கறுப்புப் பெட்டி. அதைச் ‘செவி’ என்பார்கள். குரலை அடையாளம் கண்டு பதிவு செய்யும். பள்ளிக்கூடப் பெட்டியின் தங்கச்சி போலவே இருந்தது.

டாக்டர் நன்றாகப் பேசினார். இந்தப் பெண்ணுக்குப் படிப்பு போனது, தோழிகள் இல்லை, இந்த மருந்தால் ஆபத்து ஒன்றுமில்லை என்று சோதித்தாயிற்று. “இந்த வருஷம் எங்களுக்குக் கெடச்ச மருந்து கொஞ்சம்தான். இன்னைக்கு முடிவாகலன்னா அடுத்து காத்திருக்கிறவருக்குப் போயிரும்.” அடுத்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவிலில் இருந்து வந்த ஒரு பாட்டு வாத்தியார். வீட்டில் அருமையாகப் பாடுவாராம், மேடையில் ஏறினால் மூச்சே வராதாம். நாங்கள் உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல எழுந்து நின்று கும்பிட்டார்.

வக்கீலம்மா செவியை என் பக்கம் திருப்பினார். “ஜெபக்கனி, இந்த மருந்து உனக்கு வேணுமா?”

ஏழு தலைகள். கதவு சாத்திக்கொண்டது. நான் பெட்டியைப் பார்த்தேன், பெட்டி என்னைப் பார்த்தது.

அம்மாவால் தாங்க முடியவில்லை. முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கிவிட்டாள். “பிள்ளைக்கு வேணும்! எழுதிக்கிடுங்க! அவ மனசு எனக்குத் தெரியாதா?”

“அம்மா, மைக்கக் கீழ வைங்க. இது பஸ் ஸ்டாண்டு இல்ல.”

“எங்க போனாலும் மைக்கக் கீழ வைங்கன்னே சொல்லுதாவ” என்று முனகிக்கொண்டு வைத்தாள்.

அப்போது டாக்டர் எழுந்தார். “ஒரு வழி இருக்கு. நாளைக்கனிகிட்டக் கேப்போம். அவளும் ஜெபக்கனிதான். அதே நெனப்பு, அதே குரல். செவிக்கே வித்தியாசம் தெரியாது. இவ மனசுல இருக்கிறத அவ வாயால சொல்லட்டும்.”

குழுவில் பலர் தலையசைத்தார்கள். ஒருவர் “நல்ல யோசன” என்றார். வக்கீலம்மா விசிறியை நிறுத்தினார். “கேட்டுப் பாப்போம். எடுத்துக்கிறதா வேண்டாமாங்கிறதப் பெறகு பாப்போம்” என்றார்.

ஹாலின் கண்ணாடித் திரையில் நாளைக்கனி வந்து, அங்கிருந்த மேஜைக்குள்ளிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் சுடிதார். எல்லாருக்கும் வணக்கம் வைத்தாள். “வக்கீலம்மா, விசிறிய நிறுத்திட்டிய? அப்பம் விசயம் பெருசுதான்” என்றாள். ஹாலே சிரித்தது. அம்மா என் தோளை இடித்து, “பாத்தியா!” என்றாள்.

“நாளைக்கனி” என்றார் வக்கீலம்மா. “ஜெபக்கனி சார்பா உங்கிட்டக் கேக்கிறோம்.”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் மட்டும் காத்திருந்தது. அவள் வேணும் என்றுதான் சொல்வாள். சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் அவள் பிறப்பாள், வெளியே வருவாள், மக்ரூன் சாப்பிடுவாள். ஆனால் அவளே சொல்லியிருக்கிறாள், மீன் விற்கிறவளிடம் கேட்காதே என்று. என்னை விட்டுவிட்டு இவர்கள் அவளிடம் போய்க் கேட்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்காகவும் சேர்த்து வந்தது.

“அவகிட்டக் கேக்காதிய.”

யார் பேசியது என்று எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அவள் என்னை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினாள்.

“என்கிட்டக் கேளுங்க” என்றேன். கீச்சென்றுதான் வந்தது.

வக்கீலம்மா பதறாமல் செவியைத் திருப்பினார். “பேரச் சொல்லும்மா.”

“ஜெபக்கனி.”

“குரல் இருக்கிறது. வந்திருக்கிறார்” என்றது பெட்டி.

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது! சிரிப்பு வந்துவிட்டது. அம்மா எனக்குப் பதிலாகப் பேசத் திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

“மருந்து வேணுமா?”

“இப்பம் வேண்டாம். அவ நல்லவ. எனக்கு அவள ரொம்பப் பிடிக்கி. ஆனா நான் இப்பந்தான் பேச ஆரம்பிச்சிருக்கேன். இது எதுவரைக்கும் போவுதுன்னு பாக்கணும். வேணும்னா நானே வந்து கேப்பேன். வெளிய இருக்க பாட்டு வாத்தியாருக்குக் குடுங்க.”

டாக்டர் கையில் இருந்த டீயை முதல்முறையாக ஆறவிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார் வக்கீலம்மா.

“எனக்கு மஞ்சக் கலர் பிடிக்கும்.”

“எனக்குத் தெரியாதேட்டி!” என்று அம்மா அலறியதில் ஹாலே அதிர்ந்தது. மைக் இல்லாமலே.

வக்கீலம்மா கையை உயர்த்தினார். செவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. “முடிவு பதிவாயிட்டு. முத்திர விழ கொஞ்ச நேரம் ஆகும். விளக்குப் பச்சையாகிற வரைக்கும் அந்தக் குரல் மறுபடி கேக்கக் கூடாது. முடிவு சொன்னவங்கள உடனே சுத்தி நின்னு மாத்தச் சொல்றவங்க உண்டு, அதுக்காக வச்ச விதி. ஒரு சொல் வந்தாலும், மனசு மாறுதுன்னு எடுத்துக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.”

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். இத்தனை வருஷமும் சும்மா இருந்தவளுக்கு, அன்றைக்குத்தான் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. திரையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரல் என்று அவர் சொன்னது இரண்டு பேருடைய குரல். செவிக்கு வித்தியாசம் தெரியாது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். அவளுக்கு இன்னொரு வாய்ப்பு. அவளுக்கும் இது தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அம்மாவுக்கு விதியெல்லாம் நினைவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “போயிருவியாட்டி? போகாதட்டி. போறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. ஒரே ஒரு வார்த்த.”

நாளைக்கனி வாயைத் திறந்தாள். அவளால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடிந்ததே இல்லை.

திறந்த வாயை அவள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்புத்தான். அம்மாவுக்கு ஒரு முத்தம் பறக்கவிட்டாள். என் ஜடையைக் காட்டி, வேறு மாதிரிப் பின்னு என்று விரலால் சுற்றிக் காட்டினாள். பிறகு எழுந்தாள். நாற்காலி கத்தவில்லை. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் உரசாமல், மேஜைக்குள் மெல்ல வைத்தாள்.

அம்மா அதைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

நாளைக்கனி கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.